நல்லுசாமி கொடுத்த டைரக்ட்

ஏறுங்க தம்பி. அந்தக் கதவு தொறக்காதுங்க, எவ்வளவு இழுத்தாலும் வராது, இடிச்சதுல மடங்கிக்கிச்சு. இந்தப் பக்கமா என் சீட்டு வழியா ஏறி அப்படியே நகந்து உக்காருங்க. பையை மடியில வெச்சுக்கங்க. பின்னாடி வேண்டாம், பின் சீட்டு எம்பொண்ணுக்கு. தலகாணி, போர்வையெல்லாம் போட்டு வெச்சிருக்கேன் பாருங்க, எல்லாம் புதுசு. அதுல ஒருத்தரும் உக்காரக் கூடாதுன்னு எங்க ஊட்டுக்காரி கண்டிசனா சொல்லிட்டுப் போயிருக்கா.

மலைக்கு அடுத்த பஸ் மத்தியானந்தாங்க. அதுவும் வந்தாத்தான் நெசம். நீங்க இன்னைக்கு மலை ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கற வேலைக்குச் சேரணும்ங்கறீங்க. முத நாளே லேட்டா போயி நின்னா நல்லாவா இருக்கும்? நானும் செம்மேடுதான் போறேன். எனக்கும் பேச்சுத் துணையாச்சு.

வாடைங்களா? ஆமாங்க, லேசா இருக்கும். போகப் போகப் பழகிரும். கண்ணாடிய எறக்கி விட்டுக்கங்க.

என்னைய நீங்க வெளியூருங்கறதால தெரியாது. சேந்தமங்கலம் சந்தையில நின்னு மோட்டார் நல்லுசாமின்னு கேட்டுப் பாருங்க, சின்னப் புள்ள கூட கையக் காட்டும். போர்வெல் மோட்டார் ரிப்பேருங்க. பாதாளத்துல தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்கற மோட்டாரு, அதக் கண்ணால பாக்காமயே மேல நின்னுக்கிட்டு என்ன கோளாறுன்னு சொல்லிப்புடுவேன். ஸ்டார்ட்டர் பொட்டி சத்தத்த வெச்சே சொல்லுவேன். அப்பேர்ப்பட்டவனுக்கு இந்தக் காரு என்னங்க காரு. இதுலயும் ஒரு மோட்டாரு, நாலு ஒயரு, ஒரு பைப்பு. அவ்வளவுதான். இதச் சொன்னா அந்த ஜோதிவேலுக்குக் கோவம் வருது.

அவனப் பத்தி அப்பறம் சொல்றேன். மொதல்ல இந்த வண்டி எதுக்குன்னு சொல்லணும்.

எம்பொண்ணு கோகிலா, ஒரே பொண்ணு. மலை மேல குடுத்திருக்கேன். மாப்பிள்ள உரக்கடை வெச்சிருக்காரு. குடி, சீட்டு ஒண்ணும் கெடையாது, வாய் மட்டும் ஊருக்கு மேல. கலியாணத்தன்னைக்கு நான் பொண்ண ஒரு ஜீப்புல கூட்டிட்டுப் போனேன், மில்லுக்காரர்கிட்ட எரவல் வாங்கின ஜீப்பு. அதுல மில்லுப் பேரு எழுதியிருந்துச்சு, நான் அதக் கவனிக்கல. பந்தியில உக்காந்துக்கிட்டு மாப்பிள்ளையோட சித்தப்பன் ஒருத்தன் கேக்கறான், பொண்ணையும் மில்லுல இருந்துதான் எடுத்தாந்தீங்களான்னு. எல்லாஞ் சிரிச்சாங்க. மாப்பிள்ளையும் சிரிச்சாரு. எம்பொண்ணு தலையக் குனிஞ்சுக்கிச்சு. எனக்கு எலையில கை வெக்க முடியலீங்க தம்பி. எந்திரிச்சு நின்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன், தலைப்பிரசவத்துக்கு எம்பொண்ண எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்ப என் சொந்தக் காருலதான் கூட்டிட்டுப் போவேன், அன்னைக்கு நீங்க பாருங்கன்னு.

அந்த நாள் இன்னைக்குத்தான். வளைகாப்பு. எங்க ஊட்டுக்காரி, சொந்தபந்தமெல்லாம் விடியறப்பவே வேனுல மேல போயிட்டாங்க. வளையல் போட்டு, ஏழு வகை சோறு கட்டி முடிச்சாச்சுன்னா ராகுகாலத்துக்கு முன்ன புள்ளைய அங்கருந்து கெளப்பணும். என் வண்டியில. அதுக்குத்தான் பழசா இருந்தாலும் பரவாயில்லன்னு இத வாங்கினது. மாப்பிள்ள நேத்துப் போன் பண்ணி என்ன சொல்றாரு தெரியுங்களா, மாமா உங்க வண்டி வேண்டாம், நான் வாடகைக் காரு சொல்லிட்டேன், நீங்க பஸ்ஸுல வந்தாப் போதும்ங்கறாரு. பஸ்ஸுல. பொண்ணப் பெத்தவன் நான் பஸ்ஸுல போயி நிக்கறதா?

போன வாரம் நடந்ததுதான் எல்லாத்துக்கும் காரணம். நாமக்கல்லு போயி புள்ளைக்குப் பட்டுச்சீலை எடுத்துட்டு வந்துக்கிட்டிருந்தேன். முன்னாடி ஒரு டிராக்டரு, மரவள்ளிக் கெழங்கு லோடு. பின்னாடி லைட்டு கெடையாது, ஒரு செவப்புத் துணி கூடக் கெடையாது. அப்பப் பாத்து மாப்பிள்ள போன். நான் எடுத்துப் பேசக்கூட இல்லீங்க, யாருன்னு பாத்தேன், அவ்வளவுதான். நிமிந்தா டிரெய்லரு என் மூக்குக்கிட்ட நிக்குது. அவன் தப்புத்தான். பட்டப்பகல்ல ஒருத்தன் ரோட்டுல அப்படியா நிறுத்துவான்?

பானெட்டு கூடாரமாட்டம் மடிஞ்சு போச்சு. பம்பர் உள்ள போயிருச்சு. கெழங்கு நாலஞ்சு வண்டிக்குள்ளயே வந்து விழுந்துச்சு. எனக்கு ஒரு கீறல் இல்லீங்க. சீலை மடிப்புக் கூடக் கலையல. அப்பவே நெனச்சேன், நம்ம கூட சாமி இருக்குதுன்னு. சரி, வண்டிய ஓரங்கட்டலாம்னு சாவியப் போட்டாக்கா, சுத்துது, ஆனா புடிக்க மாட்டேங்குது. கர்ரு கர்ருன்னு சுத்துது, அவ்வளவுதான்.

நம்ம ரோட்டப் பத்தித்தான் தெரியுமே. ஒரு வண்டி நின்னுச்சுன்னா ஊரே மெக்கானிக்கு. ஒருத்தன் பேட்டரி போச்சுங்கறான். பேட்டரி போயிருந்தா எப்படிடா சுத்தும்? ஒருத்தன் டெர்மினல் கழண்டிருக்கும்னு கல்லெடுத்துத் தட்டறான். ஒருத்தன் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்ங்கறான், எட்டுப் பேரு சேந்து தள்ளுனாங்க, வண்டி நவுந்துச்சே தவிர உசுரு வரல. ரேடியேட்டர் தண்ணியெல்லாம் ரோட்டுல ஓடுது. ஒரு பெரியவரு அதப் பாத்துட்டு, போதும் விடுங்கப்பா அது செத்துப் போச்சுன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அவர அடிச்சிருப்பேன்.

அப்பறம் மினி லாரியில கவுறு போட்டு இழுத்துட்டுப் போயி ஜோதிவேலு ஷெட்டுல விட்டேன். நல்ல மெக்கானிக்குத்தான், இல்லேங்கல. ஆனா எதுக்கெடுத்தாலும் பயப்படற ஆளு. வந்தான், பாத்தான். பேட்டரி சரி. பிளக்கக் கழட்டிப் பாத்தான், பொறி வருது, சரி. அப்பறம் பின் சீட்டத் தூக்கிட்டு அங்க காத வெச்சுக்கிட்டு என்னைய சாவியப் போடச் சொன்னான். போட்டேன். மோட்டாரு ஓடலியேங்கறான். என்ன மோட்டாருடான்னா, பெட்ரோல் டேங்குக்குள்ள ஒரு மோட்டாரு இருக்குதாம், அதுதான் பெட்ரோல முன்னாடி தள்ளுமாம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க தம்பி. நம்ம போர் மோட்டாரேதான். தண்ணிக்குப் பதிலா பெட்ரோலுக்குள்ள முங்கிக் கெடக்குது. இத மொதல்லயே சொல்லியிருந்தா நானே பாத்திருப்பேனே.

டிரைவர் காலுக்கிட்ட ஒரு சுவிட்ச்சு இருக்குது. செவப்பு பட்டன். அது மேல துள்ளி நிக்குது. வண்டி எங்கியாச்சும் பலமா இடிச்சா அது தானா துள்ளிருமாம், மோட்டாருக்குக் கரண்ட நிறுத்திருமாம். ஏன்னா இடிச்ச வண்டியில பைப்பு கிய்ப்பு ஒடஞ்சிருந்தா பெட்ரோல் பீச்சியடிச்சுத் தீப்புடிச்சிரும், அதுக்குத்தான்னு ஜோதிவேலு விளக்கம் சொல்றான். சொல்லிட்டு அத அமுக்கினான். சாவியப் போட்டேன். ஒரே சுத்து, வண்டி பாட்டா பாடுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நெசமாலுமே அழுதுட்டேன். எம்பொண்ணு மொகந்தான் வந்து நின்னுச்சு.

ஆனா அந்தப் பாவி சாவியப் புடுங்கி நிறுத்திட்டான். பானெட்டுக்குள்ள கையக் காட்டறான். பெட்ரோல் வர்ற பைப்பு நசுங்கி ஒரு எடத்துல வாயத் தொறந்திருக்குது. கொஞ்சூண்டு. அதுல இருந்து சல்லுன்னு அடிச்சிருக்குது. பைப்ப மாத்தாம இத ஸ்டார்ட் பண்ணக் கூடாதுண்ணா, பைப்பு வெளியூருல இருந்து வரணும், வந்ததும் போட்டுத் தரேன்னான். நான் கெஞ்சினேன், வளைகாப்பு இருக்குதுடா, எம்மானம் போயிருண்டான்னேன். வாடகைக்கு வேற வண்டி ஏற்பாடு பண்ணித் தரட்டுமாங்கறான். மாப்பிள்ளையும் அதையே சொல்றாரு, இவனும் அதையே சொல்றான். நான் சத்தம் போட்டேன். அவன் அந்த மோட்டாரோட பியூஸைப் புடுங்கித் தன் சட்டப்பைல போட்டுக்கிட்டான். பைப்பு வரட்டும், அப்பத் தரேங்கறான். எங்கிட்ட. மோட்டார் நல்லுசாமிகிட்ட பியூஸைப் புடுங்கி வெச்சுக்கறான்.

நேத்து அவன் எங்கியோ காதுகுத்துன்னு போயிட்டான். ஷெட்டுல ஆளில்ல. நான் என் டூல்ஸ் பையைத் தூக்கிட்டுப் போனேன்.

பியூஸ் எடத்துல ஒரு செம்புக் கம்பி. எங்க தொழில்ல நெதமும் பண்றதுதான். காட்டுல தண்ணி பாஞ்சுக்கிட்டிருக்கறப்ப பியூஸ் போச்சுன்னா கடைக்கா ஓடுவாங்க? அப்பறம் பைப்பு. சைக்கிள் ட்யூபக் கிழிச்சு, இழுத்து இழுத்துச் சுத்தி, கட்டுக்கம்பி போட்டு முறுக்கிட்டேன். எத்தன போர் பைப்பு அப்படிக் கட்டி விட்டிருக்கேன், வருசக்கணக்கா நிக்குது. ரேடியேட்டருக்குப் பழசு ஒண்ணு வாங்கி மாட்டினேன். ஏசிக்குன்னு முன்னாடி இருக்கற பொட்டி நசுங்கிப் போச்சு, அதக் கழட்டியே எறிஞ்சுட்டேன், மலையில எதுக்கு ஏசி. வண்டி ஒரே சுத்துல எடுத்துக்கிச்சு. ஆனா பாருங்க, அந்தச் சுவிட்ச்சு இருக்குதே, இடி வாங்கினதுல அதுக்கும் நடுக்கம் கண்டிருச்சு போல. ஒரு வேகத்தடையில ஏறினாத் துள்ளுது. குழியில எறங்கினாத் துள்ளுது. வண்டி நின்னு நின்னு போகுது. இப்படிக் கெரகத்தக் கட்டிக்கிட்டு மலை ஏற முடியுங்களா? வளைவுல நின்னுச்சுன்னா என்ன ஆகறது?

எங்க தொழில்ல ஸ்டார்ட்டர் அடிக்கடி ட்ரிப் ஆகித் தானா நின்னுச்சுன்னா ஒரே வைத்தியந்தான். ட்ரிப்பத் தூக்கிரு, டைரக்ட் குடு. விவசாயிக்குத் தண்ணி வேணும், ட்ரிப்பு வேண்டாம். சுவிட்ச்ச அறுத்துப் போட்டுட்டு ரெண்டு ஒயரையும் முறுக்கி விட்டுட்டேன். இப்ப எங்க இடிச்சாலும் நிக்காது. பாருங்க, ஏறிக்கிட்டேதான இருக்குது? எங்கியாச்சும் இருமுச்சா?

என்னங்க, மூக்கப் பொத்திக்கிட்டீங்க. வாடை ஜாஸ்தியாயிருச்சுங்கறீங்களா? ஏத்தத்துல அப்படித்தான், பெட்ரோல் கூடக் குடிக்கும். எனக்கும் காலையில இருந்து தலை கிண்ணுன்னுதான் இருக்குது, ராத்திரி தூக்கமில்ல, சோறும் திங்கல. உங்களுக்கு மலை வளைவு ஒத்துக்கல போல. மொகமெல்லாம் வெளுத்துருச்சு. இந்தாங்க, இந்த எலுமிச்சம்பழத்த மோந்து பாருங்க. மயக்கம் வந்தாச் சொல்லுங்க, வெட்கப்படாதீங்க. எங்க ஊட்டுக்காரிக்கும் ரெண்டு வளைவு தாண்டினாப் போதும், கவரு எடுத்துக்குவா.

நிறுத்தணும்ங்கறீங்களா? இந்த ஏத்தத்துல நிறுத்தினா மறுபடியும் இழுக்கறது கஷ்டங்க தம்பி. கொஞ்சம் பொறுங்க. பைப்பு கசியுதுங்கறீங்க. நீங்க ஜோதிவேலுக்குச் சொந்தமா? சும்மா கேட்டேன், கோவிச்சுக்காதீங்க. லேசா கசியத்தான் செய்யும், போற வேகத்துல காத்துல காஞ்சு போயிரும். தீப்புடிக்கணும்னா நெருப்பு வேணுமுங்க. நான் பீடி சிகரெட்டுத் தொட்டதே கெடையாது. நீங்களும் குடிக்கற ஆளாத் தெரியல. அப்பறம் எங்கருந்து வரும்?

உங்களுக்கு வண்டி மேல நம்பிக்கை வரல. புரியுது. உங்க வயசுதான் மாப்பிள்ளைக்கும். அவரும் இப்படித்தான், மாமா அதுல பாப்பாவ உக்கார வெக்க மாட்டேன்ங்கறாரு. பாப்பான்னு எம்பொண்ணத்தான் சொல்றாரு, நான் பெத்து வளத்த பொண்ண. அந்தப் புள்ள பொறந்தப்ப ஆஸ்பத்திரியில இருந்து மழையில நனையாம நெஞ்சோட அணைச்சு சைக்கிள்ல தூக்கியாந்தவன் நான். எனக்குத் தெரியாதா எப்படிக் கூட்டிட்டுப் போகணும்னு? வாயும் வயிறுமா இருக்கற புள்ள, குலுங்கக் கூடாதுன்னு மெத்தை வாங்கி வெட்டித் தெச்சுப் போட்டிருக்கேன். கீழ எறங்கறப்ப கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டுருவேன், எதிர்க்காத்து வயித்துக்காரிக்கு ஆகாது.

இருங்க, போனு. எம்பொண்ணுதான். ஸ்பீக்கருல போடறேன், கை ரெண்டும் ஸ்டீரிங்குல இருக்கணும்ல. சொல்லு அம்மிணி. வந்துட்டேன், வந்துட்டேன், பாதி மலை ஏறிட்டேன். வளையல் போட்டாச்சா? கேட்டுச்சுங்களா தம்பி, வளையல் சத்தம். கை ரெண்டும் ரொப்பிட்டாங்களாட்டம் இருக்குது. என்னது, வாடகைக் காரு வந்து நிக்குதா? அதத் திருப்பி அனுப்பச் சொல்லு. அழுவாத சாமி. அப்பன் வண்டியிலதான் வருவேன்னு சொல்லிட்டியா? உங்க வூட்டுக்காரரு மொறைச்சா மொறைக்கட்டும். அங்கியே இரு, எதுலயும் ஏறிராத. நான் வந்துருவேன்.

கேட்டீங்கள்ல? அப்பன் வண்டியிலதான் வருவேன்னு அத்தன பேரு முன்னாடி சொல்லியிருக்குது. இதுக்கு மேல எனக்கு என்னங்க வேணும்?

சரி, இந்த வளைவுல நிறுத்தறேன். உங்களுக்காக இல்ல, கருப்பணார் கோயிலு. இங்க சூடம் கொளுத்தாம ஒரு வண்டி மேல போகாது. லாரிக்காரன், பஸ்ஸுக்காரன் எல்லாரும் நிறுத்துவான். வண்டி மூஞ்சிக்கு முன்னாடி ஒரு சூடம், சக்கரத்துக்கு ஒரு பழம், அவ்வளவுதான். அதுலயும் அடிபட்ட வண்டி, புள்ளத்தாச்சிய ஏத்தப் போற வண்டி, கண்ணேறு கழிக்காமக் கொண்டு போனா எங்க ஊட்டுக்காரி என்னைய உசுரோட விடமாட்டா. நீங்க உக்காருங்க, ஒரு நிமிசம்.

ஏன், நீங்களும் எறங்கறீங்க? கியரு மேல கால வெக்காதீங்க. அட, மெதுவாங்க, சட்டை மாட்டிக்கும். பையை எதுக்குத் தூக்கறீங்க? கீழ என்னத்தப் பாக்கறீங்க? தண்ணிங்க அது. ஏசித் தண்ணி சொட்டும். ஏசியத்தான் கழட்டிப் போட்டாச்சேங்கறீங்க. ஆமா, கழட்டியாச்சு. அப்பக் காலையில வண்டியக் கழுவின தண்ணியா இருக்கும். எந்தத் தண்ணியா இருந்தா என்ன, வழிஞ்சு நின்னுரும்.

பூக்காரம்மா, சூடம் ஒரு கட்டி குடு தாயி. தீப்பெட்டி ஒண்ணு குடு. மாலையா, சின்னதாப் போதும், பானெட்டு மேல நிக்காது, மடிஞ்சிருக்குது. எம்பொண்ணுக்கு வளைகாப்பு, கூட்டியாறப் போறேன். ஆமா, மொதப் புள்ள. உன் வாய் முகூர்த்தம் பையனாவே பொறக்கட்டும்.

தம்பி, ஏனுங்க அவ்வளவு தூரம் போயி நிக்கறீங்க? கிட்ட வந்து சாமி கும்பிட்டுக்கங்க, உங்களுக்கும் புது வேலை. கையக் கைய ஆட்டறீங்க, காத்துல ஒண்ணும் கேக்கல. நடந்தே போறீங்களா? சரி போங்க, உங்க இஷ்டம். இந்தம்மாவ எதுக்குக் கூப்புடறீங்க, அவங்க யாவாரத்த உட்டுட்டு எங்க வருவாங்க.

எந்தக் காலத்துப் புள்ளைகளோ. ஒரு வாடைக்கே இப்படி.

இந்தக் காத்து வேற. தேங்கா ஒடைக்கற கல்லு மேல வெச்சா நிக்க மாட்டேங்குது. குச்சி போச்சு. இதுவும் போச்சு. என்ன தாயி சொல்ற? பம்பருக்கு அடியிலயா? ஆமா, நீ சொல்றது செரிதான், நசுங்கின தகரம் காத்த மறைச்சுக்கும். சூடத்தக் கீழ வெச்சா ஈரத்துல ஊறிரும், ஒரு தட்டக்கல்லு இருந்தா எடு, அது மேல வெச்சுக்கறேன். கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சாப் போதும். இடுப்புத்தான் குனிய விடமாட்டேங்குது. கருப்பா, எம்பொண்ணும் புள்ளையும் நல்லபடியா எங்கூட வந்து சேரணும். நீ இப்படி வந்து முந்தானைய விரிச்சு மறைச்சுக்க தாயி, கிட்ட வா, இன்னும் கிட்ட.

ம். இந்தக் குச்சி புடிச்சுக்கும்.